அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே நாட்சம்பளம். பிறகு எதில் சமமில்லை?

தங்கச்சி, இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றிய பல்கலைக்கழகக் கட்டுரைக்காக நீங்கள் கேட்ட கேள்வியை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று முதலில் எழுதிவிடுகிறேன். "அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே நாட்சம்பளம். 2024-இல் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் நம் பெண்கள் பாராளுமன்றம் போய்விட்டார்கள். இதற்குப் பிறகும் மலையகத்தில் பெண்ணுக்குச் சமத்துவம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

நல்ல கேள்வி. காசு சமமானது உண்மை, அது சும்மா வந்ததும் இல்லை. ஆனால் அந்தக் காசுக்காகக் கொடுக்கும் நேரம் சமமாகவில்லை. தராசும் கணக்குப் புத்தகமும் இன்னும் பெரும்பாலும் ஆண் கையில்தான். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று பேசி முடிக்கிற இடத்தில், அந்தக் கொழுந்தை எடுப்பவள் உட்காருவதில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

1927-இல் வந்த இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். மலையில் அதிக நேரம் நிற்பவளுக்கு 11 சதம் குறைவு என்பதைச் சட்டமே எழுதி வைத்தது. அந்த வேறுபாடு, தொகை மாறினாலும் முறை மாறாமல், அரை நூற்றாண்டைத் தாண்டியும் நீடித்தது. 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 100-ஆம் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது 1993-இல். தோட்டத் தொழிலாளர்கள் அதற்கு ஒன்பது வருடம் முந்திக்கொண்டார்கள். இதை உங்கள் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள். மலையகப் பெண்ணுக்கு யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது போலத்தான் பல இடங்களில் எழுதுகிறார்கள். உலையில் அரிசி போட வழியில்லாத நாட்களிலும் வேலைக்குப் போகாமல் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், இருந்து வாங்கியது அது.

இனி உங்கள் அம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள்.

காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசை. ஏழரைக்கெல்லாம் மலையில் நிற்க வேண்டும். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக்கயிறு, காலில் அட்டை. அதற்கு மேல் குளவி. மாதத்துக்கு ஒரு முறையாவது ஏதாவது ஒரு தோட்டத்தில் குளவி கொட்டிப் பெண்களை வைத்தியசாலைக்கு ஏற்றிய செய்தி வருகிறது. மலையில் கழிப்பறை இல்லை. மாதவிடாய் நாளிலும் தேயிலைச் செடி மறைவுதான். ஒரு நாளில் இரண்டு, மூன்று தடவை நிறுவை நடக்கும். சாக்கைத் தராசில் மாட்டுவார்கள், முள் ஓரிடத்தில் நிற்கும், கணக்கப்பிள்ளை வேறொன்றை எழுதுவார். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முத்தல் இலைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழிவு. மழை நாளில் அந்தக் கழிவு இன்னும் கூடும். தோட்டம் கேட்கும் அளவு 18 கிலோ என்று வையுங்கள். உங்கள் அம்மா 20 கிலோ எடுத்து, மூன்று நிறுவையிலும் ஒவ்வொரு கிலோ கழிந்தால் புத்தகத்தில் ஏறுவது 17. பல தோட்டங்களில் அன்றைக்கு அவருக்கு விழுவது அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். இன்னும் சில இடங்களில் எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. காலையிலிருந்து மாலை நாலரை வரை மலையில் நின்ற கால் இரண்டுக்கும் ஓய்வு கிடையாது, ஆனால் கணக்கில் அரை நாள்தான் வேலை செய்திருக்கிறார்.

அப்பாவின் கணக்கு வேறு. இத்தனை செடி கவ்வாத்து, இத்தனை குழி, இத்தனை டாங்கி மருந்து. அதை முடித்தால் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம். பெரும்பாலான நாட்களில் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். கவ்வாத்து இலேசான வேலை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கத்தியைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தோள் வலி தெரியும், மருந்து அடிப்பவரின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்பதும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். ஆணின் வேலையை முடிக்கக்கூடிய அளவாக வகுத்தவர்கள், பெண்ணின் வேலையை ஏன் நேரம் முழுவதையும் விழுங்கும் அளவாக வகுத்தார்கள்? ஆண் வெட்ட வேண்டிய செடிகள் காலையிலேயே எண்ணிக்கையில் இருக்கின்றன. பெண் எடுக்க வேண்டிய கொழுந்து மழையையும் வெயிலையும், மலைக்குப் பசளை போட்டார்களா என்பதையும் பொறுத்து இருக்கிறது. நிர்வாகம் பசளை போடாவிட்டாலும் கிலோ குறைவது அவள் கணக்கில்தான்.

2021-இல் இதை மலையகமே நேரில் பார்த்தது. அந்த வருடம் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அதே வருடத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. விளைச்சல் விழுந்தது. ஆனால் கிலோ அளவு விழவில்லை. சில தோட்டங்களில் சம்பளம் கூடியதைக் காரணம் காட்டி அதை ஏற்றினார்கள், வேலை நாட்களையும் குறைத்தார்கள். ஆயிரம் ரூபா என்று நாடே பேசிக்கொண்டிருந்த மாதங்களில் எத்தனையோ பெண்கள் அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்பினார்கள். 2024-இல் 1,350 ரூபாவும் மேலதிகக் கொழுந்துக்கான ஊக்கக் கொடுப்பனவும் என்று ஏற்பாடு வந்தது. 2026-க்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படை 1,550, அதற்கு மேல் வருகைக்காக அரசாங்கம் தரும் 200, ஆக 1,750 ரூபா என்று அறிவித்தார்கள். இந்த உயர்வுகள் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரூபாயைப் பற்றித்தான் பேச்சு. கிலோவைப் பற்றி, நிறுவையில் கழிவைப் பற்றி, மணியைப் பற்றிப் பேச்சு இல்லை. பேச்சுவார்த்தைக்குப் போனவர்களில் கூடை சுமந்தவர்கள் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம்மவர்களே பேசத் தயங்கும் விடயம் இது. பெருந்தோட்டத் தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சந்தா மாதா மாதம் அவர்கள் சம்பளத்திலும் பிடிபடுகிறது. 2021 வரை கூட்டு ஒப்பந்தத்தில் முதலாளிமார் சம்மேளனமும் மூன்று தொழிற்சங்கத் தரப்புகளும் கையெழுத்திட்டு வந்தார்கள். கிலோ அளவை அந்தந்தத் தோட்டத்தில் நிர்வாகமும் சங்கத்தின் தோட்டத் தலைவர்மாரும் பேசி முடிக்க வேண்டும் என்பது வழக்கம். தோட்டத் தலைவர் யார்? ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஆண். பெண்ணுக்கு இருப்பது மாதர் சங்கத் தலைவி என்ற பதவி. மே தினத்துக்கு ஆள் சேர்ப்பதும், கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்ப்பதும், பெரியவர்கள் வந்தால் மாலையோடு வரிசையில் நிற்பதும் அவள் வேலை. துரையோடு, அதாவது தோட்ட முகாமையாளரோடு, பேச்சு என்றால் தலைவர் போவார். பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்தவர்தான் ஒபீசுக்கும் போகலாம், சங்கக் கூட்டத்துக்கும் போகலாம். அந்த நேரத்தில் அவள் மலையில் இருக்கிறாள். அதிகாரம் அவளுக்குக் கிடைக்காமல் போவதற்கு வேலை நேரமே ஒரு காரணமாக இருப்பதை இதில் பார்க்கலாம். கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போன பிறகு பல தோட்டங்களில் நிர்வாகம் தானாகவே கிலோவைத் தீர்மானிக்கிறது. அப்போது தலைவரும் இல்லை, தலைவியும் இல்லை.

தொழிற்சங்க மேடைக்குப் பெண் புதியவள் இல்லை. 1930-களில் கோ. நடேசய்யர் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சங்கம் கட்டியபோது அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூடவே போனார். கூட்டத்தில் தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகப் பாடுவார், பிறகு பேசுவார். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்துக்கு அந்தப் பாட்டுத்தான் துண்டுப்பிரசுரம். தோட்டத்துக்குள் வெளியாள் காலடி வைத்தாலே அத்துமீறல் வழக்குப் போட்ட காலம் அது. நம் காலத்தில் செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராக மேனகா கந்தசாமி இருந்திருக்கிறார், வீட்டு வேலைப் பெண்களையும் சங்கமாக்கும் வேலை மலையகத்திலிருந்துதான் நடந்தது. ஆனால் பெரிய சங்கங்களின் உச்சியில் பெண் பெயரைத் தேடினால் இன்றும் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

சம்பளம் யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முன்பு மனைவியின் சம்பளத்தைக் கணவனோ, மகளின் சம்பளத்தைத் தகப்பனோ போய் வாங்குவது சாதாரணமாக நடந்தது, தோட்ட நிர்வாகமும் கேள்வி கேட்காமல் கொடுத்தது. இப்போது பெண் தானே கையெழுத்திட்டு வாங்குவது பரவிவிட்டது, வங்கிக் கணக்கும் வந்துவிட்டது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் அட்டையும் இலக்கமும் யாரிடம் இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு கேட்டுப் பாருங்கள்.

பொது வாழ்வுக்கு வருவோம். இதில் மலையகப் பெண்ணின் கதை நாட்டின் மற்றப் பெண்களின் கதையோடு ஒட்டாது. இலங்கைப் பெண்களுக்கு 1931-இல் வாக்குரிமை கிடைத்தது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு நம் பெண்களில் ஒரு பகுதியினரும் வாக்களித்தார்கள். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடம் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களிடமிருந்து அதைப் பறித்தன. ஒருமுறை கிடைத்த வாக்கை இழந்த பெண்கள் நம் பாட்டிமார்கள். 1960-இல் இந்த நாடு உலகத்தின் முதல் பெண் பிரதமரைத் தெரிவுசெய்தது. 1964-இல் அதே பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை தரவும் தீர்மானித்தது. எந்தப் பெண்ணிடமும் நீ எங்கே வாழ விரும்புகிறாய் என்று கேட்காமலே அந்த எண்கள் எழுதப்பட்டன. தாய் ஒரு பக்கமும் மகள் மறு பக்கமுமாகப் பிரிந்த குடும்பங்கள் எந்தத் தோட்டத்திலும் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நாட்டில் குடியுரிமை நீண்ட காலம் தகப்பன் வழியாகத்தான் இறங்கியது. தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்கலாம் என்று சட்டம் மாறியது 2003-இல். எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்த சட்டமும் அதே 2003-இல்தான் வந்தது. அரசியலில் ஏன் பின்தங்கினார்கள் என்று நம் பெண்களைக் கேட்பவர்கள் முதலில் இந்தத் திகதிகளைப் பார்க்க வேண்டும்.

உள்ளூராட்சியில் பெரிய மாற்றம் வந்தது. அதுவரை நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் 2 வீதத்தைக்கூடத் தொடவில்லை. 2017-இன் 16-ஆம் இலக்கச் சட்டம் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்றது. 2018 பெப்ரவரித் தேர்தலில் அந்த விகிதம் ஒரே தாவலில் 20 வீதத்தைத் தாண்டியது. மலையகத்தில் இதோடு இன்னும் இரண்டு விடயங்கள் கூடி வந்தன. நுவரெலியா மாவட்டத்தில் கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் என்று புதிய பிரதேச சபைகள் உருவாகின. 1987-இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவழிக்க இடையூறாக இருந்தது. 2018-இல் அதுவும் திருத்தப்பட்டது. லயத்துக்குப் போகும் பாதைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பிரதேச சபை சட்டப்படி காசு ஒதுக்கலாம் என்று ஆன அதே நேரத்தில், தண்ணீர்க் குடத்தைச் சுமந்த பெண்கள் சபைக்குள் போனார்கள். எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த காலம் அது.

ஆனால் ஓட்டைகளும் அந்தச் சட்டத்திலேயே இருந்தன. வட்டாரத்தில் நேரடியாகப் போட்டியிடும் வேட்பாளர்களில் 10 வீதம் பெண்கள் இருந்தால் போதும், கட்சி பெறும் வாக்குக்கு ஏற்ப ஆள் எடுக்கும் மேலதிகப் பட்டியலில்தான் 50 வீதம். ஆகவே பெண்கள் பெரும்பாலும் பட்டியலால் உள்ளே போனார்கள். பட்டியலில் யார் பெயரை எடுப்பது என்பது கட்சிச் செயலாளர் கையில். "உனக்கு எந்த வட்டாரம்?" என்று சபையில் ஆண் உறுப்பினர் கேட்டால் பதில் இல்லை. வட்டாரம் இல்லாதவருக்கு நிதி ஒதுக்குவதிலும் இழுபறி. மூன்று ஆசனத்துக்குக் குறைவாகவும் 20 வீதத்துக்குக் குறைந்த வாக்கும் பெறும் கட்சிக்குப் பெண்ணை நியமிக்கும் கட்டாயமும் இல்லை. கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் நிறைந்த மலையகத்தில் இது எவ்வளவு பெரிய வாசல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போனது, 2025 மே வரை தெரிவான சபைகளே இல்லை. முதல் தடவை உறுப்பினராகி, கோப்பு எழுதவும் வரவு செலவுத் திட்டம் வாசிக்கவும் அப்போதுதான் பழகியிருந்த பெண்களுக்கு இந்த இரண்டு வருட இடைவெளி பெரிய அடி. ஆண்களுக்குச் சங்கப் பதவி இருந்தது, அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். பெண்களில் பலர் வீட்டோடு நின்றுவிட்டார்கள்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள். மாத்தறையில் வென்ற தமிழ்ப் பெண் சரோஜா சாவித்திரி போல்ராஜ் மகளிர், சிறுவர் விவகார அமைச்சரானார். மகிழ்ச்சிதான், நானும் அன்றைக்கு இரவு தூங்காமல் முடிவுகளைப் பார்த்தேன். ஆனால் மலையகத்தை மையமாகக் கொண்ட கட்சிகளும் சங்கங்களும் முக்கால் நூற்றாண்டில் செய்யாததை வெளியிலிருந்து வந்த ஒரு தேசியக் கூட்டணி, தேசிய மக்கள் சக்தி, செய்தது என்பதை நம் தலைவர்கள் யோசிக்க வேண்டும். 225 பேர் கொண்ட சபையில் பெண்கள் இன்னும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். உள்ளூராட்சியில் உள்ள 25 வீதம் பாராளுமன்றத்துக்கு இல்லை.

படிப்பில் வந்த மாற்றம் நீங்களே. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகும், பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்த பிறகும் ஆசிரியத் தொழில் நம் பெண்களுக்குப் பெரிய கதவாகத் திறந்தது. இன்று தோட்டப் பாடசாலையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் பெரும்பாலும் கொழுந்தெடுத்த தாயின் மகள். அதே நேரம் சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்கும், கொழும்பில் வீட்டு வேலைக்கும், குவைத்துக்கும் சவூதிக்கும் போகிறார்கள். 2013-இலிருந்து ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக அரசு தடை போட்டது, 2022-இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. தாயிடம் அதற்காகக் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள், தகப்பனிடம் அப்படி ஒரு அறிக்கை ஒருநாளும் கேட்கப்படவில்லை. பிள்ளையைப் பார்ப்பது தாயின் வேலை மட்டுமே என்று அரசாங்கமே முத்திரை குத்திய காரியம் அது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

சட்டத்தில் நல்லதும் நடந்தது. மூன்றாவது பிள்ளையிலிருந்து பிரசவ விடுமுறை பாதியாக இருந்ததை 2018-இல் நீக்கி, எந்தப் பிள்ளைக்கும் 84 நாட்கள் என்று ஆக்கினார்கள். 2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் அடிபட்ட பெண் பொலிசுக்குப் போனால் தமிழில் முறைப்பாடு எழுத, அதுவும் பெண் உத்தியோகத்தர் ஒருவர், அன்றைக்கு இருப்பாரா என்பது அவளுடைய அதிர்ஷ்டம். தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வரும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள்.

காணி, வீடு பற்றி ஒரு வார்த்தை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவிலிருந்து ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்று போய்க்கொண்டிருக்கிறோம். பட்டியல் எடுக்க வருபவர் "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டு ஆணின் பெயரை எழுதும் பழக்கம் மாறவில்லை. தோட்டத்தில் வேலை செய்து அந்த உரிமையைத் தக்கவைத்தவள் மனைவியாக இருந்தாலும் அப்படித்தான். காணி உறுதிப் பத்திரத்தில் இருவர் பெயரும் சேர்ந்து வர வேண்டும் என்று இப்போதே கேட்காவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

உங்கள் கட்டுரைக்கு ஒரு யோசனை. சம்பளத் தொகையை வைத்து ஒப்பிடாதீர்கள், அதில் வேறுபாடு தெரியாது. அம்மாவின் சம்பளச் சீட்டுகளையும் அப்பாவின் சீட்டுகளையும் ஒரு வருடத்துக்கு எடுங்கள். முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை என்று பிரியுங்கள். இருவரும் எத்தனை மணிக்கு வேலை முடித்தார்கள் என்று ஒரு மாதம் அவர்களையே குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறுவையிலும் முள் காட்டியதும் புத்தகத்தில் ஏறியதும் தனித்தனியாக. அக்கம்பக்கத்து லயங்களிலும் சில குடும்பங்கள் சேர்ந்தால் இன்னும் நல்லது. அந்தத் தாள்கள் கட்டுரையோடு முடிய வேண்டியதில்லை. அரைப்பேர் பற்றித் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். 2024-இன் பெண்களை வலுவூட்டும் சட்டத்தில் பெண்களுக்கான தேசிய ஆணைக்குழு ஒன்றுக்கும் இடம் உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான். சில தோட்டங்களில் இப்போது பெண்களைக் கங்காணிகளாகப் போட ஆரம்பித்திருக்கிறார்கள், நிறுவையில் கழிவு அங்கே எப்படி இருக்கிறது என்பதையும் முடிந்தால் சேர்த்துப் பாருங்கள்.